ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே: ஹாம் நிலையத்துக்கான கேபிள், கனெக்டர், பவர் சப்ளை விமர்சனம்

ஹாம் ரேடியோவுக்கு (பொழுதுபோக்கு வானொலிக்கு) புதிதாக லைசென்ஸ் கிடைத்தவர்கள் மாதக்கணக்கில் ட்ரான்ஸீவர்களை, அதாவது பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோப் பெட்டிகளை, ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எந்த மாடல், எத்தனை வாட், தொடுதிரை உண்டா என்று அலசுவார்கள். பிறகு மிச்சமிருக்கும் காசில் கைக்குக் கிடைத்த கேபிளையும் நாலு கனெக்டரையும் வாங்கி மாட்டிவிடுவார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் 100 வாட் பெட்டிகளில் எதை வாங்கினாலும் எதிர்முனையில் கேட்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கேபிள் மோசம் என்றாலோ, கனெக்டரில் ஈரம் புகுந்தாலோ உடனே தெரியும். அதனால் இங்கே கேபிளில் தொடங்கி கனெக்டர், பவர் சப்ளை, அளவுக் கருவி என்று போய், பெட்டியைக் கடைசியில் பார்க்கலாம்.

கேபிள்

ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிள் 30 மீட்டர் போட்டால் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6 டெசிபல் இழப்பு. ரேடியோ 50 வாட் கொடுத்தால் ஆண்டெனாவுக்குப் போவது 12 வாட் சொச்சம். அதே நீளத்துக்குத் தடிமனான ஆர்.ஜி.213 போட்டால் இழப்பு 2.8 டெசிபல், மேலே போவது 26 வாட். எல்.எம்.ஆர்.400 என்றால் 1.5 டெசிபல், 35 வாட். 435 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி.58-இன் இழப்பு 11 டெசிபல் அளவுக்கு ஏறும். 50 வாட்டில் 4 வாட்தான் மிஞ்சும். எல்.எம்.ஆர்.400 அங்கேயும் 2.7 டெசிபலோடு நிற்கும். இறங்கி வரும் சிக்னலுக்கும் இதே இழப்புதான். அனுப்பும் வாட்டை ஆம்ப்ளிஃபயர் வைத்து ஈடுகட்டலாம். கேபிளில் தொலைந்த பலவீனமான சிக்னலை ரேடியோ பக்கத்தில் எதை வைத்தும் மீட்க முடியாது.

இதில் பலரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. இழப்பு அதிகமுள்ள கேபிளில் அது அழகான எண்ணைக் காட்டும். 6 டெசிபல் இழக்கும் கேபிளின் மறுமுனையில் ஆண்டெனாவே மாட்டாமல் விட்டாலும், போய்த் திரும்பும் அலை 12 டெசிபல் தேய்ந்துவிடுவதால் ரேடியோ பக்கத்து மீட்டர் 1.7 என்றுதான் காட்டும். அறுந்த ஆண்டெனா, நல்ல அளவு! 'மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீளமான மெல்லிய கேபிளை.

எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) மட்டும்தான் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். 14 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்.ஜி.58 ஒன்றரை டெசிபலை ஒட்டித்தான் தின்னும், ஆர்.ஜி.213-இல் அது ஒரு டெசிபலுக்கும் கீழே. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆர்.ஜி.8எக்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 100 வாட்டுக்குத் தாராளமாகத் தாங்கும், எடையும் குறைவு, டைபோல் என்ற இருபக்கக் கம்பி ஆண்டெனாவின் நடுவில் தொங்கவிட ஏற்றது. 20 மீட்டருக்குள் எச்.எஃப். டைபோல் என்றால் ஆர்.ஜி.8எக்ஸ் வாங்குங்கள், அதற்கு மேல் செலவழிப்பது வீண். 145-க்கு 10 மீட்டரைத் தாண்டினால் ஆர்.ஜி.213. 435 இருந்தால் நீளம் எதுவானாலும் எல்.எம்.ஆர்.400 அல்லது அதற்கு இணையானது.

எல்.எம்.ஆர்.400-ஐ நிரந்தரமாகக் கட்டி வைக்கும் இடத்துக்கு மட்டும் வாங்க வேண்டும். அதன் நடுக்கம்பி செம்பு பூசிய ஒற்றை அலுமினியம். அதைச் சுற்றியிருக்கும் கம்பிப் பின்னலுக்கு அடியில் அலுமினியத் தாள். ஒரு தடவை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்து அப்படியே விட்டுவிடலாம். அடிக்கடி அசையும் இடத்தில் 10 சென்டிமீட்டருக்குக் கீழ் வளைக்கக் கூடாது. ஆண்டெனாவைத் திருப்பும் ரொட்டேட்டரைச் சுற்றும் வளைவில் இதைப் போட்டால் தாள் விரிசல் விட்டு, ஆண்டெனா திரும்பும்போதெல்லாம் கரகரவென்று இரைச்சல் வரும். அந்த ஒன்றரை மீட்டருக்குப் பல இழை நடுக்கம்பி உள்ள அல்ட்ராஃபிளெக்ஸ் ரகத்தையோ ஆர்.ஜி.213-ஐயோ போடுங்கள்.

டிவி டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி.6 வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் இம்பீடன்ஸ் (அலைக்குக் கேபிள் காட்டும் தடை) 75 ஓம், மேலே சொன்ன கேபிள்கள் 50 ஓம். கேட்பதற்கு மட்டுமான லூப் ஆண்டெனாவுக்கு அருமையான கேபிள், இழப்பும் குறைவு. ஆனால் பின்னல் அலுமினியம் என்பதால் சால்டர் ஒட்டாது; எஃப் கனெக்டரைக் கம்ப்ரெஷன் கருவியால்தான் போட வேண்டும்.

உறையில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பி கேபிள் வாங்காதீர்கள். ஒரு முனையில் 2 சென்டிமீட்டர் மேலுறையை உரித்துப் பாருங்கள். பின்னலின் இழைகளுக்கிடையே உள்ளே இருக்கும் வெள்ளை இன்சுலேஷன் பளிச்சென்று தெரிந்தால் அந்தக் கேபிளை விட்டுவிடலாம். நல்ல ஆர்.ஜி.58, ஆர்.ஜி.213 இரண்டிலும் பின்னல் 95 சதவீதம் அளவுக்கு மூடியிருக்கும். பின்னல் இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் பூச்சு. தகரம் பூசிய செம்பாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, சுரண்டியதும் செம்பு தெரியும்.

பி.எல்.259

எச்.எஃப். நிலையங்களில் இன்றைக்கும் பி.எல்.259 பிளக்கும் எஸ்.ஓ.239 சாக்கெட்டும்தான் ராஜ்யம். 1930-களில் ஆம்ஃபினால் நிறுவனத்தில் உருவான வடிவம் இது. இதற்கு யு.எச்.எஃப். கனெக்டர் என்றும் பெயர் உண்டு; அதைப் பார்த்து 430 மெகாஹெர்ட்ஸுக்கு வாங்கிவிடாதீர்கள். உள்ளே இம்பீடன்ஸ் 50 ஓமாக நிலைத்து இருக்காது. எச்.எஃப்.பில் அந்த மேடுபள்ளம் அலைநீளத்தோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. 145-இல் ஒன்றிரண்டு இருந்தாலும் பாதகமில்லை. 430-இல் ஒவ்வொன்றும் எஸ்.டபிள்யூ.ஆரைக் கலைக்கும். மழைக்கும் பாதுகாப்பு கிடையாது, சீல் வளையமே இல்லை.

இந்த ஒரு கனெக்டரில்தான் நல்லதற்கும் மட்டமானதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்.

முதலில் இன்சுலேட்டர். டெஃப்லான் வேண்டும். ஒன்றை வாங்கி, 300 டிகிரியில் வைத்த சால்டரிங் அயர்ன் முனையால் அதன் வெள்ளைப் பகுதியைத் தொடுங்கள். டெஃப்லான் உருகுவது 327 டிகிரியில், அதனால் அப்படியே நிற்கும். சாதா பிளாஸ்டிக் உடனே குழையும். அப்படிக் குழையும் கனெக்டரில் நடு முள்ளுக்குச் சால்டர் வைக்கும்போதே முள் சாய்ந்துவிடும், பிறகு சாக்கெட்டில் நேராக இறங்காது. பழுப்பு நிற பேக்லைட் சூட்டைத் தாங்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும், விரிசலும் விடும். வெளியே போடத் தோதுப்படாது.

அடுத்தது பூச்சு. வெள்ளி பூசியதில் சால்டர் தண்ணீர் மாதிரி ஓடும். பளபளக்கும் நிக்கல் பூச்சில் ஒட்டவே ஒட்டாது, உருண்டையாக நின்றுகொள்ளும். வெள்ளி கறுத்துப்போகிறதே என்று நிக்கலுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கறுப்பால் மின்சாரத்துக்குக் கெடுதல் கிடையாது. கையில் இருப்பது நிக்கல்தான் என்றால் சால்டர் துளைகளைச் சுற்றி வட்ட அரத்தால் பித்தளை தெரியும்வரை தேய்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கூடவே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நிக்கல் பூச்சு இலேசாக இழுக்கும், அது பரவாயில்லை. நச்சென்று ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது மரை. 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்பது அளவு. நல்ல சாக்கெட்டில் வளையம் விரலால் திருகும்போதே கடைசிவரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பாதியில் இறுகினால் மரை சரியாக வெட்டப்படவில்லை.

ஆர்.ஜி.213-இல் சால்டர் வைக்கும் முறை இது. மரை வளையத்தை முதலில் கேபிளில் கோத்துவிடுங்கள், மரை முனையைப் பார்த்தபடி. மேலுறையை 29 மில்லிமீட்டர் உரியுங்கள். தெரியும் பின்னல் முழுவதையும் பிரிக்காமல் அப்படியே இலேசாகச் சால்டர் பூசுங்கள். கட்டியாகப் பூசினால் கனெக்டர் உள்ளே போகாது. ஆறவிட்டு, முனையிலிருந்து 16 மில்லிமீட்டர் அளவில் குழாய் வெட்டும் சின்னக் கட்டரையோ கூர்கத்தியையோ சுற்றி, பின்னலையும் வெள்ளை இன்சுலேஷனையும் சேர்த்து நடுக்கம்பிவரை வெட்டிக் கழற்றுங்கள். இப்போது 16 மில்லிமீட்டர் வெறும் நடுக்கம்பி, அதற்குப் பின்னால் 13 மில்லிமீட்டர் பூசிய பின்னல். நடுக்கம்பிக்கும் கொஞ்சம் பூசுங்கள். கனெக்டர் உடலைக் கேபிளின் மேல் திருகி ஏற்றுங்கள். உள்மரை மேலுறையைக் கடித்துப் பிடிக்கும். பக்கத்துத் துளைகள் நான்கிலும் பின்னல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அளவு தவறு, கழற்றி மறுபடி வெட்டுங்கள்.

அயர்ன் 100 வாட்டுக்குக் குறையக் கூடாது, முனை உளி மாதிரி அகலமாக இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் அயர்னால் இது முடியாது. அந்தப் பித்தளைக் கட்டியைச் சூடேற்ற அது நிமிஷக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதற்குள் உள்ளே இன்சுலேஷன் உருகி நடுக்கம்பி பின்னல் பக்கம் நகர்ந்துவிடும். பெரிய அயர்ன் சில நொடியில் சூடேற்றி விலகிவிடும். கேபிளுக்கு அதுதான் நல்லது. சால்டர் துளைக்குள் உறிஞ்சப்பட்டு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இறங்காமல் மேலே குமிழாக நின்றால் பின்னலில் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கடைசியில் நடு முள். ஆறும்வரை கேபிளை அசைக்க வேண்டாம்.

மெல்லிய கேபிள் கனெக்டருக்குள் ஆடாமல் நிற்க, ஆர்.ஜி.58-க்கு யு.ஜி.175 என்ற ரெட்யூசரும் (உள்குழாய்), ஆர்.ஜி.8எக்ஸுக்கு யு.ஜி.176-உம் தனியாக வாங்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும். எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது: பிளக்கின் விளிம்பில் இருக்கும் பற்கள் சாக்கெட்டின் பள்ளங்களில் உட்கார்ந்த பிறகுதான் வளையத்தை இறுக்க வேண்டும். பின்னல் பக்கத் தொடர்பு முழுக்க அந்த வளையத்தின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பல் உட்காராமல் இறுக்கினால் கேபிள் கொஞ்சம் திரும்பியதும் தளர்ந்து, எஸ்.டபிள்யூ.ஆர். தாவித் தாவி ஆடும்.

'என்' டைப், பி.என்.சி., எஸ்.எம்.ஏ.

145-க்கும் 435-க்கும் வெளியே கம்பத்தில் போட 'என்' டைப்தான் சரியான தேர்வு. 1940-களில் பெல் ஆய்வகத்தில் பால் நீல் வடிவமைத்தது. முழு நீளமும் 50 ஓம், ரப்பர் சீல் உண்டு, 11 கிகாஹெர்ட்ஸ்வரை போகும். இதில் கவனிக்க வேண்டியது நடு முள். ஆர்.ஜி.213-இன் நடுக்கம்பி 2.26 மில்லிமீட்டர், எல்.எம்.ஆர்.400-இன் நடுக்கம்பி 2.74 மில்லிமீட்டர். வெளி விட்டம் இரண்டுக்கும் 10.3 என்பதால் ஒரே கனெக்டர் போதும் என்று நினைத்து வாங்கினால் முள்ளுக்குள் கம்பி நுழையாது. சிலர் கம்பியை அரத்தால் தேய்த்து நுழைப்பார்கள். செம்புப் பூச்சு போய் அலுமினியம் வெளியே வந்துவிடும், அதில் சால்டரும் பிடிக்காது. கேபிளின் பெயரைச் சொல்லி அதற்கான கனெக்டரையே வாங்குங்கள். 75 ஓம் 'என்' டைப்பும் சந்தையில் உண்டு, அதன் நடுத்துளை சிறியது. 50 ஓம் ஆண் முனையை அதில் திணித்தால் துளை விரிந்து கெட்டுப்போகும்.

'என்' டைப்பில் கிரிம்ப் ரகத்தை, அதாவது சால்டர் இல்லாமல் நசுக்கிப் பிடிக்க வைப்பதைத்தான் சிபாரிசு செய்யலாம். நுரை இன்சுலேஷன் உள்ள எல்.எம்.ஆர். வகைக்குச் சூடு ஆகாது. நசுக்கும் கருவியின் அறுகோண அச்சு (டை) அளவு கேபிளோடு பொருந்த வேண்டும்: ஆர்.ஜி.58-க்கு 5.4 மில்லிமீட்டர், ஆர்.ஜி.8எக்ஸுக்கு 6.5, ஆர்.ஜி.213-க்கும் எல்.எம்.ஆர்.400-க்கும் 10.9. குறடால் நசுக்கிய கிரிம்ப் முதல் காற்றிலேயே கழன்று வரும். ராட்செட் உள்ள கிரிம்ப் கருவி வாங்கினால் அது முழு அழுத்தம் வரும்வரை திறக்காது. பத்துப் பன்னிரண்டு கனெக்டர் போடுகிறவருக்கு இந்தச் செலவு நியாயமானது. நாலைந்துதான் என்றால் நட்டு இறுக்கும் கிளாம்ப் ரகம் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

அறைக்குள் மீட்டருக்கும் சிறிய பெட்டிக்கும் பி.என்.சி. கால் சுற்றில் மாட்டிக் கழற்றலாம், 4 கிகாஹெர்ட்ஸ்வரை சுத்தமாக வேலை செய்யும். வெளிப்பயணத்துக்கு எடுத்துப்போகும் 10 வாட் நிலையத்துக்கு இதைவிட வசதியானது கிடையாது.

எஸ்.எம்.ஏ. நல்ல கனெக்டர்தான், தவறான இடத்தில் மாட்டிக்கொண்டது. 18 கிகாஹெர்ட்ஸ்வரை போகும் நுணுக்கமான பொருள், ஏறத்தாழ 500 தடவை மாட்டிக் கழற்றக் கணக்கிட்டது. அதைக் கையில் பிடித்துப் பேசும் கைப்பெட்டியின் தலையில் வைத்துத் தினமும் திருகுகிறோம். யேசு, ஐகாம் கைப்பெட்டிகளில் ரேடியோ பக்கம் பெண் முனை. பாவ்ஃபெங் யுவி-5ஆர் போன்றவற்றில் ரேடியோ பக்கம் ஆண் முனை. ஆண்டெனா வாங்கும்போது இதைப் பார்க்காவிட்டால் பொருந்தாது. வைஃபை ஆண்டெனாக்களில் வரும் ரிவர்ஸ் எஸ்.எம்.ஏ. இன்னொரு குழப்பம்: மரை அழகாகத் திருகும், உள்ளே முள்ளும் துளையும் சந்திக்கவே சந்திக்காது.

கைப்பெட்டியை வீட்டு ஆண்டெனாவில் இணைக்க விரும்பினால் தடிமனான கேபிளை அடாப்டர் வைத்து நேராக அதன் தலையில் மாட்டாதீர்கள். கேபிளின் எடை நெம்புகோலாக மாறி, உள்ளே சர்க்கியூட் பலகையில் சால்டரைப் பெயர்த்துவிடும். ஒரு முனை எஸ்.எம்.ஏ., மறுமுனை எஸ்.ஓ.239 உள்ள 30 சென்டிமீட்டர் ஆர்.ஜி.316 துண்டுக் கேபிள் வாங்கி நடுவில் போடுங்கள். அடாப்டர் மேல் அடாப்டர் அடுக்குவது எந்த நிலையத்திலும் கூடாது. அதில் இழப்பு கொஞ்சம்தான். தளரும் இடங்கள் இரட்டிப்பாகின்றன.

ஈரம்

வெளியே போடும் இணைப்பில் தண்ணீர் புகுந்தால் பின்னல் அதை மேலுறைக்குள் உறிஞ்சி மீட்டர்கணக்கில் கொண்டுபோகும். பிறகு கனெக்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. மேலுறையை உரித்தால் பின்னல் கறுத்தோ பச்சை படர்ந்தோ இருக்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை கேபிளை வெட்டி எறிய வேண்டியதுதான்.

சிலிகான் ட்யூபைப் பிழிந்து பூசுவது நல்ல தீர்வு ஆகாது. காற்றில் உறையும்போது வினிகர் வாசனை வரும் ரகம் செம்பை அரிக்கும், பின்னால் கழற்றுவதும் பெரும்பாடு. இதற்குத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வாங்குங்கள். முதலில் சாதாரண மின்சார டேப்பை ஒரு சுற்று, பின்னால் கழற்ற வசதியாக. அதன் மேல் ரப்பர் டேப்பை அதன் அகலம் முக்கால்வாசி ஆகும் அளவுக்கு இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் அது ஒன்றோடொன்று உருகிச் சேராது. மேலே வெயிலைத் தாங்கும் வினைல் டேப்பை இரண்டு சுற்று. இந்தக் கடைசிச் சுற்று கீழிருந்து மேலாகப் போக வேண்டும். கூரை ஓடு அடுக்குவது போல மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூடினால் தண்ணீர் வழிந்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிப் போகட்டும்.

இடிதாங்கிப் பெட்டி வாங்குவோருக்கு ஒரு கணக்கு. 100 வாட்டில் 50 ஓம் கேபிளில் உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட். எஸ்.டபிள்யூ.ஆர். 3 ஆனால் 173 வோல்ட். உள்ளே இருக்கும் வாயுக் குழல் 90 வோல்ட் ரகமாக இருந்தால் நீங்கள் பேசும்போதே அது பற்றிக்கொள்ளும். 230 வோல்ட் குழல் வேண்டும். அதன் எர்த் கம்பி குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும். வீட்டு மின்சார எர்த்தோடும் இணைத்திருக்க வேண்டும். இடி வரும் நாளில் கேபிளைக் கழற்றி வெளியே வைப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

பவர் சப்ளையும் 12 வோல்ட் இணைப்புகளும்

100 வாட் ட்ரான்ஸீவர் அனுப்பும்போது 13.8 வோல்ட்டில் 21 முதல் 23 ஆம்பியர் இழுக்கும். 'உச்சம் 30, தொடர்ந்து 25' என்று போட்ட சப்ளை வாங்குங்கள். உச்ச எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டவற்றில் தொடர் ஆம்பியர் எவ்வளவு என்று கேளுங்கள். எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறையில் 15 நொடிச் சுற்றில் 12.6 நொடி முழு பவரில் நிற்கும். குரலில் சமாளிக்கும் சப்ளை அங்கே மூச்சு வாங்கும்.

ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் சப்ளை கனமானது, சூடாவது, ஆனால் ரேடியோ இரைச்சல் கிடையாது. ஸ்விட்சிங் சப்ளை இலகுவானது. நல்லதும் உண்டு, பேண்டு முழுக்கக் குறிப்பிட்ட இடைவெளியில் கீச்சிடுவதும் உண்டு. வாங்குமுன் ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, பக்கத்தில் சப்ளையை லோடோடு போட்டு, 7 மெகாஹெர்ட்ஸில் காது கொடுத்துக் கேளுங்கள். எந்த ரகமானாலும் அதிமின்னழுத்தப் பாதுகாப்பு கட்டாயம். லீனியரில் பாஸ் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 20 வோல்ட்டுக்கு மேல் நேராக ரேடியோவுக்குள் போகும்.

வயரின் தடிமனைக் குறைக்காதீர்கள். 2 மீட்டர் தூரம் என்றால் போய்வர 4 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 22 ஆம்பியருக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் விழும். 2.5-இல் 0.65 வோல்ட். 10 ஏ.டபிள்யூ.ஜி., அதாவது 5.3 சதுர மில்லிமீட்டரில் 0.3-க்கும் கீழே. செம்பு பூசிய அலுமினிய வயர் என்றால் இது ஒன்றரை மடங்கு ஆகும். ஐகாம் ஐசி-7300-க்கு அனுமதி 13.8-இல் கூடக்குறைய 15 சதவீதம், அதாவது கீழே 11.7 வோல்ட். சப்ளையில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. லெட் ஆசிட் பேட்டரியில் ஓட்டும்போது ஓய்வில் 12.6 இருந்து, லோடில் 12-க்கு இறங்கி, வயரில் இன்னொரு அரை வோல்ட் போனால் பேசும் நடுவிலேயே பெட்டி அணையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி கடைசிவரை 12.8-ஐ ஒட்டியே நிற்கும் என்பதால் வெளிப்பயணத்துக்கு அதுவே மேல். ஆனால் அதன் பாதுகாப்புப் பலகை 30 ஆம்பியர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரிப் பக்கத்தில், இரண்டு வயரிலும்.

இணைப்புக்கு ஆண்டர்சன் பவர்போல் என்ற பிளக். 15, 30, 45 ஆம்பியர் முனைகள் மூன்றும் ஒரே கூட்டுக்குள் போகும். அதுதான் வசதி, அதுதான் ஆபத்தும். 15 ஆம்பியர் முனையைப் போட்டு 100 வாட் பெட்டியை ஓட்டினால் கூடு இளகும். 10 ஏ.டபிள்யூ.ஜி. வயருக்கு 45, 12-க்கு 30 என்று வாங்குங்கள். முனைப் பக்கத்திலிருந்து, நாக்கு மேலே இருக்கும்படி பார்த்தால் சிவப்பு வலது பக்கம் வர வேண்டும். எல்லோரும் இதே முறையில் போட்டால்தான் அடுத்தவர் பேட்டரியை அவசரத்தில் மாட்ட முடியும். சால்டர் வைக்காமல் கிரிம்ப் செய்யுங்கள். சால்டர் முனையின் முகத்துக்கு வழிந்தால் கூட்டுக்குள் க்ளிக் என்று உட்காராது. உட்காராத முனை இழுத்தால் பின்னால் வந்துவிடும்.

எக்ஸ்டி60 நல்ல பிளக், ஆம்பியருக்குக் குறைவில்லை, கழற்றத்தான் கொஞ்சம் பலம் வேண்டும். அடாப்டர்களில் வரும் 5.5 மில்லிமீட்டர் உருளை பிளக் 10 வாட் பெட்டிகளோடு நிற்கட்டும்.

அளவுக் கருவி

தனி எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வாங்குவதாக இருந்தால் அதன் அலைவரிசை எல்லையைப் படியுங்கள். 60 மெகாஹெர்ட்ஸோடு முடியும் மீட்டர் 145-இல் காட்டுவது அர்த்தமில்லாத எண். அதைவிட முதலில் நானோ வி.என்.ஏ. (ஆண்டெனாவையும் கேபிளையும் அளக்கும் சிறிய கருவி) வாங்குங்கள் என்பதே எங்கள் தீர்ப்பு. இந்தப் பட்டியலிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது அதுதான். துண்டுக் கேபிளை மாட்டி, அதன் கடைசி முனையில் ஓபன், ஷார்ட், லோட் என்ற மூன்று அளவு முனைகளையும் மாற்றி மாற்றி வைத்துக் கேலிப்ரேட் செய்யுங்கள். கருவியின் முகத்தில் செய்தால் துண்டுக் கேபிளும் அளவில் கலந்துவிடும். மாட்டுமுன் ஆண்டெனாக் கேபிளின் நடுமுள்ளையும் உடலையும் ஒரு கணம் ஷார்ட் செய்து தேங்கிய மின்னூட்டத்தை இறக்குங்கள்.

புதுக் கேபிளைச் சோதிக்க: மறுமுனையைத் திறந்து வைத்து ரிட்டர்ன் லாஸ், அதாவது போய்த் திரும்பிய அலை எத்தனை டெசிபல் தேய்ந்தது என்று பாருங்கள். அதில் பாதிதான் ஒருவழி இழப்பு. 30 மீட்டர் ஆர்.ஜி.213-இல் 145-இல் 5.6 அளவுக்கு வர வேண்டும். 9 வந்தால் கேபிளோ கனெக்டரோ சரியில்லை. கனெக்டர் பக்கத்தில் கேபிளை மெதுவாக வளைத்துக்கொண்டே பாருங்கள், கோடு துள்ளினால் சால்டர் பிடிக்கவில்லை. அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைத்தால் மழைக்காலம் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெட்டி

வீட்டு மேசையில் எச்.எஃப். என்றால் ஐசி-7300. 2016-இல் வந்த பெட்டி, சிக்னலை நேரடியாக டிஜிட்டலாக்கும் வடிவமைப்பு, ஒரே யு.எஸ்.பி. கேபிளில் டிஜிட்டல் முறைகள் ஓடும். ஆண்டெனாவை ரேடியோவோடு ஒத்துப்போக வைக்கும் ட்யூனர் உள்ளேயே உண்டு, ஆனால் அது எஸ்.டபிள்யூ.ஆர். 3 வரைதான் சமாளிக்கும்; கண்டபடி நீளமுள்ள கம்பி ஆண்டெனாவுக்கு வெளியே தனி ட்யூனர் தேவைப்படும். காரிலும் பையிலும் கொண்டுபோக யேசு எஃப்டி-891 சின்னது, 100 வாட் தருவது. உள்ளே ட்யூனர் கிடையாது என்பதால் ஒத்திசைந்த ஆண்டெனா இருப்பவருக்குத்தான் பொருந்தும். ஆண்டெனா இன்னும் முடிவாகாதவருக்கு ஜீகு ஜி90 நல்ல தொடக்கம்: 20 வாட்தான், ஆனால் ட்யூனர் பரந்த எல்லையில் இழுத்துப் பிடிக்கும். 145, 435-க்கு ஐசி-9700. அதன் பின்பக்கத்தில் 144-க்கு எஸ்.ஓ.239, 430-க்கும் 1200-க்கும் 'என்' டைப் வைத்திருக்கிறார்கள். கேபிள் வாங்கப் போகுமுன் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துக் கனெக்டர்களை எழுதிக்கொள்ளுங்கள்.

மைக் பிளக் பற்றி ஒன்று. ஐகாம், கென்வுட், யேசு மூன்றின் பல மேசைப் பெட்டிகளில் அதே வட்ட 8 முள் பிளக் வரும், அழகாகப் பொருந்தும், ஆனால் முள் வரிசை வேறு வேறு. ஐகாமில் 2-ஆம் முள்ளில் 8 வோல்ட் இருக்கிறது. வேறு நிறுவனத்தின் மைக்கை மாட்டுமுன் இரண்டு கையேடுகளிலும் உள்ள படத்தைப் பக்கத்தில் வைத்து, முள் முள்ளாக ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள்.